ஹட்செப்சுட் அரியணையைப் பறித்தாரா, படிப்படியாக ஏறினாரா?

வேம்படி எழுதியது:

வணக்கம். நேற்று ராத்திரி எகிப்து அரசி ஹட்செப்சுட் பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். கணவர் இறந்ததும் சக்களத்தி மகனான சின்னப் பையனை ஓரங்கட்டிவிட்டு அரியணையைப் பிடித்துக்கொண்டார், பையன் வளர்ந்து பழிவாங்கி அவர் பெயரையே சுவர்களிலிருந்து செதுக்கி எறிந்தான் என்று ஒரு மணி நேரத்தில் கதையை முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அரியணையைப் பறித்தவர், அதற்கு உரிமையுள்ள பையனை இருபது வருடம் பக்கத்திலேயே வைத்து வளர்ப்பாரா? அந்தப் பையன்தான் பின்னாளில் பெரும் போர்வீரனாகப் பேரெடுத்த மூன்றாம் துட்மோஸ். அவன் ஏன் அத்தனை காலம் சும்மா இருந்தான்? ஒரு பெண் எப்படி அந்த இடத்துக்கு வந்தார், எப்படித் தாக்குப்பிடித்தார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.

நைல்நடை எழுதியது:

வேம்படி, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். லக்ஸருக்கு இரண்டு முறை போய் வந்தவன், ஹட்செப்சுட் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் பல வருடமாக வாசித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குடும்பம். அப்பா முதலாம் துட்மோஸ். அம்மா பட்டத்தரசி அஹ்மோஸ். கணவர் இரண்டாம் துட்மோஸ், அதே அப்பாவுக்கு இன்னொரு மனைவியிடம் பிறந்தவர். அந்த அரச குடும்பத்தில் இது வழக்கம். இவர்களுக்கு நெஃபெரூரே என்று ஒரு மகள். ஆண் வாரிசோ இஸெட் என்ற வேறொரு மனைவியின் பிள்ளை. கி.மு. 1479 வாக்கில் கணவர் இறந்தபோது அந்தப் பிள்ளை சிறு குழந்தை. முடிசூடியது அந்தக் குழந்தைதான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்போது ஆட்சியை நடத்தியது யார் என்பதற்கு இனெனி என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரே சாட்சி. முதலாம் துட்மோஸின் கல்லறையை யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல் குடைந்த வேலையைத் தானே மேற்பார்த்ததாகப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறாரே, அவர்தான். அதே சுவரில் சொல்கிறார்: மகன் தகப்பனின் இடத்தில் அரசனாக நின்றான், நாட்டின் காரியங்களை ஹட்செப்சுட் நடத்தினார், இரண்டு நாடுகளும் அவர் யோசனைப்படி நடந்தன. இரண்டு நாடுகள் என்பது மேல் எகிப்தும் கீழ் எகிப்தும். தயக்கமே இல்லாமல் எழுதியிருக்கிறார். அரசன் குழந்தையாக இருந்தால் அரச வீட்டுப் பெரிய பெண்மணி பொறுப்பேற்பது அந்த நாட்டுக்குப் பழகிய ஏற்பாடு.

அந்த இடத்தில் இனெனி அவரைக் குறிக்கும் பட்டத்தைக் கவனியுங்கள். 'கடவுளின் மனைவி' என்கிறார். என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் திறவுகோல் அதுதான். எகிப்தின் பெருங்கடவுளான அமுனின் மனைவி என்பது வெறும் மரியாதைப் பேர் கிடையாது. இரண்டு தலைமுறைக்கு முன்பு அஹ்மோஸ் நெஃபெர்தாரி என்ற அரசி அந்தப் பதவியில் இருந்தபோதே அதற்கென்று சொத்து எழுதி வைத்த சாசனம், அமுனின் பெரிய கோயில் இருக்கும் கர்னாக்கில் கிடைத்திருக்கிறது. நிலம், பொருள், வேலையாட்கள், அவற்றை நிர்வகிக்கத் தனி அதிகாரிகள் என்று அது தனி சமஸ்தானம் மாதிரி. கணவர் உயிரோடு இருந்த காலத்திலேயே ஹட்செப்சுட்டின் கையில் கோயில் இருந்தது. கோயிலோடு சேர்ந்து களஞ்சியமும், எழுத்தர்களும், பூசாரிகளும் இருந்தார்கள்.

கல்வெட்டுக்கிறுக்கன் எழுதியது:

நைல்நடை, மரியாதையோடு மறுக்கிறேன். பொறுப்பு ஆட்சி நடத்துவது வேறு, தன்னையே அரசன் என்று அறிவித்துக்கொள்வது வேறு. தான் கட்டிய டெய்ர் எல்-பகாரி கோயிலில் என்ன செதுக்கி வைத்திருக்கிறார்? அமுன் கடவுளே முதலாம் துட்மோஸின் உருவத்தில் வந்து அம்மா அஹ்மோஸைச் சேர்ந்தாராம், குனும் என்ற கடவுள் குயவர் சக்கரத்தில் குழந்தையை வனைந்தாராம், பிறந்தவர்தான் ஹட்செப்சுட்டாம். போதாக்குறைக்கு அப்பா உயிரோடு இருந்தபோதே அவையைக் கூட்டி 'இவளே என் வாரிசு' என்று அறிவித்ததாக இன்னொரு காட்சி. அப்படி நடந்திருந்தால் நடுவில் இரண்டாம் துட்மோஸ் எங்கிருந்து வந்தார்? நடந்ததைப் பின்னாளில் மாற்றி எழுதியிருக்கிறார். உரிமை உள்ளவருக்கு இவ்வளவு கதை தேவைப்படாது.

நைல்நடை எழுதியது:

கிறுக்கன் சார், அந்த அறிவிப்பு நடந்த நிகழ்ச்சி அல்ல என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் 'உரிமை உள்ளவருக்குக் கதை தேவைப்படாது' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிறப்பிலேயே வாரிசாக இருந்த மூன்றாம் துட்மோஸும், கர்னாக்கில் ஊர்வலத்தில் வந்த அமுன் தன்னைத் தேடி வந்து தேர்ந்தெடுத்ததாகக் கல்வெட்டு வைத்திருக்கிறார். சுமார் நூறு வருடம் கழித்து ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப், இதே தெய்வப் பிறப்புக் காட்சிகளை லக்ஸர் கோயிலில் தனக்காகச் செதுக்க வைத்தார். அவர் உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. அரசன் என்றால் கடவுளின் பிள்ளை. அதைக் கல்லில் சொல்வது அந்தப் பதவியின் மொழி. ஹட்செப்சுட் அந்த மொழியை மற்றவர்களைவிட விரிவாக, அழகாகப் பேசினார் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

எப்போது அரசனானார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி மண்ஜாடிகள். அவருடைய வலது கை போல இருந்த சேனன்முட் என்ற அதிகாரியின் அப்பா அம்மாவைப் புதைத்த கல்லறையை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் குழு 1936-இல் கண்டுபிடித்தது. மூடியது மூடியபடி இருந்தது. உள்ளே இருந்த ஜாடிகளில் ஒன்றில் '7-ஆம் ஆண்டு' என்று மையால் எழுதியிருந்தது. இன்னொன்றின் முத்திரையில் 'கடவுளின் மனைவி ஹட்செப்சுட்'. வேறு இரண்டில் அவருடைய அரியணைப் பெயரான மாத்காரே. அதாவது ஏழாம் ஆண்டில் கதவை அடைக்கும்போது பழைய பட்டம் குத்திய ஜாடியும் புதுப் பட்டம் குத்திய ஜாடியும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. இதில் எனக்குத் தெரிவது ஒரே இரவில் நடந்த பறிப்பு அல்ல. பல வருடம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிய ஒரு பெண்.

இன்னொன்று. அந்த 7-ஆம் ஆண்டு யாருடைய ஏழாம் ஆண்டு? பையனுடையது! அவர் தனக்கென்று புதிதாக ஆண்டுக் கணக்குத் தொடங்கவேயில்லை. பையன் முடிசூடிய நாளிலிருந்து ஓடிய கணக்கையே கடைசி வரை வைத்துக்கொண்டார். அரியணையைத் தட்டிப் பறிப்பவர் முதலில் மாற்றுவது ஆண்டுக் கணக்கைத்தான்.

கல்வெட்டுக்கிறுக்கன் எழுதியது:

ஆண்டுக் கணக்கு விஷயம் வலுவான வாதம். யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஆனாலும் பையனுக்கு வயது வந்த பிறகாவது ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

தாழைமடல் எழுதியது:

இந்த இழையை ஆசையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஹட்செப்சுட் பாடம் வந்தாலே பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, 'டீச்சர், ஏன் தாடி வைத்திருக்கிறார்?'

அந்தத் தாடி ஒட்டுத்தாடி, ஆண் அரசர்களுக்கும் அது ஒட்டுத்தாடிதான் என்று சொன்னால் வகுப்பே ஆச்சரியப்படும். கிரீடம், செங்கோல் மாதிரி அதுவும் பதவிச் சின்னம். அவர் ஆண் வேடம் போட்டு ஊரை ஏமாற்றினார் என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். எழுத்தைப் படித்தால் உண்மை பளிச்சென்று தெரிந்துவிடும். உருவம் ஆணாக இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள வரிகளில் 'ரா கடவுளின் மகள்' என்று இருக்கும், பெண்பால் விகுதி இருக்கும். ஆண் அரசர்களின் பட்டங்களில் வரும் 'வலிமைமிக்க காளை' என்ற அடைமொழியை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹட்செப்சுட் என்ற பெயருக்கே 'உயர்குலப் பெண்களில் முதல்வி' என்றுதான் பொருள். அந்தப் பெயரை அவர் விடவேயில்லை.

1829-இல் சாம்பொலியோன் டெய்ர் எல்-பகாரி கோயிலுக்குப் போனபோது இதைப் பார்த்துத்தான் குழம்பிப் போனார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்த மனிதர் அவர். தாடி வைத்த அரசன், ஆனால் வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் அரசியைக் குறிப்பது போல இருக்கின்றன. அது யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூவாயிரத்து முந்நூறு வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெண்ணை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு விகுதி. மொழி சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அவருக்கு முன்பே சோபெக்நெஃபெரு என்ற பெண் சுமார் நான்கு வருடம் அரசனாக ஆண்டிருக்கிறார். பெண்ணுடைக்கு மேலேயே அரசனின் இடுப்பாடையை அணிந்த அவர் சிலை ஒன்று லூவ்ரில் இருக்கிறது. ஆனால் அவர் வாரிசு இல்லாத காலத்தில் வம்சத்தின் கடைசி ஆளாக வந்தவர். நாடு செழிப்பாக இருந்தபோது, முடிசூடிய ஆண் அரசன் பக்கத்தில் இருக்கும்போதே ஆண்டது ஹட்செப்சுட்தான்.

வேம்படி எழுதியது:

தாழைமடல் அக்கா, அந்தத் தாடி விளக்கத்துக்கு நன்றி. நான் கேட்க நினைத்ததே அதுதான். சரி, ஏறியது புரிகிறது. எப்படி நிலைத்தார்? சேனன்முட் என்பவர் அவருடைய காதலர், அவர்தான் பின்னாலிருந்து ஆட்டிவைத்தார் என்று அந்தப் படத்தில் சொன்னார்களே?

நைல்நடை எழுதியது:

அந்தக் காதல் கதைக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை தம்பி. ஒரு குகைச் சுவரில் யாரோ கிறுக்கிய படத்தை வைத்து ஊதிப் பெரிதாக்கியது. ஒரு பெண் ஆண்டால் பின்னால் ஒரு ஆண் இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

சேனன்முட் யார் என்று பார்த்தாலே ஹட்செப்சுட்டின் ஆட்சிமுறை புரியும். அப்பாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பதவி எதுவும் கிடையாது. பிள்ளையோ அரச வீட்டின் மேலாளர், அமுன் கோயில் சொத்தின் மேலாளர், இளவரசி நெஃபெரூரேவின் வளர்ப்பாளர். குழந்தை நெஃபெரூரேவைத் தன் மேலங்கிக்குள் பொதிந்து, தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும் அவர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்டவருக்கு ஹட்செப்சுட் போனால் எல்லாமே போய்விடும். ஹபுசெனெப் அமுன் கோயிலின் தலைமைப் பூசாரி. நெஹெசி கருவூலப் பொறுப்பாளர். ஒவ்வொரு துறையிலும் தன்னால் உயர்ந்த, தன்னோடு பிணைந்த ஆட்களை வைத்தார். பழைய ஆட்களைத் துரத்தவும் இல்லை. இனெனி போன்ற அப்பா காலத்து மனிதர்கள் மரியாதையோடு இருந்தார்கள்.

அப்புறம் அவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்தார். ஒன்பதாம் ஆண்டில் செங்கடல் வழியாகப் புன்ட் நாட்டுக்குக் கப்பல்கள் போயின. தலைமை தாங்கியது நெஹெசி. டெய்ர் எல்-பகாரி கோயில் சுவரில் அந்தப் பயணம் முழுவதும் இருக்கிறது. ஐந்து கப்பல்கள், கால்கள் மேல் நிற்கும் குடிசைகள், ஏறிப்போக ஏணி, தண்ணீருக்கடியில் செங்கடல் மீன்கள், புன்ட் தலைவன் பராஹு, பருத்த உடம்போடு அவன் மனைவி அதி. திரும்பும் கப்பல்களில் தங்கம், தந்தம், கருங்காலி, சிறுத்தைத் தோல், பபூன் குரங்குகள். இவற்றோடு 31 வெள்ளைப்போள மரங்களை வேரோடு கூடையில் வைத்து ஆட்கள் தூக்கிப் போகிறார்கள். அமுனுக்கு வேண்டிய நறும்புகையை அமுனின் மகள் கடல் கடந்து போய்க் கொண்டுவரச் செய்தார் என்பதுதான் அந்தச் சுவர் சொல்லும் சேதி. பூசாரிகளுக்கும், வணிகருக்கும், சாமானியனுக்கும் இது போய்ச் சேர்ந்திருக்கும். எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியா பக்கம் படையெடுப்பு நடந்ததற்கும் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அவருடைய பலம் கோயிலிலிருந்தும் கட்டடத்திலிருந்தும்தான் வந்தது என்பது என் எண்ணம்.

முதல் முறை கர்னாக் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அவர் நிறுவிய ஒபெலிஸ்க், அதாவது கூர்முனைக் கல்தூண், ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அஸ்வானிலிருந்து வந்த ஒரே கல், சுமார் 29 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். கீழ்ப்பகுதி ஒரு நிறம், மேல்பகுதி ஒரு நிறம். மூன்றாம் துட்மோஸ் பின்னாளில் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பியதால் வந்த வித்தியாசம் என்று வழிகாட்டி சொன்னார். மறைக்கக் கட்டிய சுவர் கடைசியில் அந்த எழுத்துகளுக்குக் காவலாக நின்றுவிட்டது.

அடிப்பாகத்தில் உள்ள எழுத்தில் இந்த ஜோடித் தூண்களை வெட்டி முடிக்க ஏழு மாதம் ஆனதாகக் குறித்திருக்கிறார். ஒட்டுப்போடாத ஒரே கல் என்று சத்தியம் செய்கிறார். அதைவிட என்னை உலுக்கியது வேறொரு வரி. பிற்காலத்தில் இதைப் பார்க்கும் மக்கள் என்ன சொல்வார்களோ என்று நினைத்துத் தன் மனம் இப்படியும் அப்படியும் அலைவதாகச் சொல்கிறார். அவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் அந்தக் கவலை அவரை விடவில்லை. வெயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் அதன் மொழிபெயர்ப்பை மூன்று முறை படித்தேன்.

தாழைமடல் எழுதியது:

அந்த வரியை என் வகுப்பில் படித்துக் காட்டப் போகிறேன். நன்றி நைல்நடை.

கல்வெட்டுக்கிறுக்கன் எழுதியது:

அருமையான பதிவு. இப்போது கடினமான பகுதிக்கு வாருங்கள். அழித்தது அழித்ததுதானே? சிலைகளை உடைத்துக் குழியில் போட்டிருக்கிறார்கள். முதலாம் சேதி என்ற பிற்கால அரசன் அபிதோஸ் கோயிலில் வைத்த அரசர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. இது வெறுப்பு இல்லை என்றால் வேறு என்ன?

நைல்நடை எழுதியது:

வெறுப்பு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். 1920-களில் அந்தச் சிலைத் துண்டுகளைத் தோண்டி எடுத்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். கொடுமைக்காரச் சித்தி, ஆத்திரம் பொங்கும் பையன். ஆனால் தேதி இடிக்கிறது. ஹட்செப்சுட் இறந்தது 22-ஆம் ஆண்டு வாக்கில், கி.மு. 1458. அழிப்பு தொடங்கியது மூன்றாம் துட்மோஸின் 42-ஆம் ஆண்டு வாக்கில். 1966-இல் சார்லஸ் நிம்ஸ் என்ற ஆய்வாளர் இந்தக் காலக்கணக்கை எடுத்து வைத்த பிறகு பழைய கதை ஆட்டம் கண்டது. கோபக்காரன் இருபது வருடம் காத்திருந்துவிட்டு உளியை எடுப்பானா?

டெய்ர் எல்-பகாரி சுவர் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். கடவுள் இந்தப் பக்கம், பறவை அந்தப் பக்கம், நடுவில் ஒரு ஆள் வடிவத்துக்குக் கல் கொத்தியிருக்கிறது. கண்டபடி அடிக்கவில்லை. கிரீடத்தின் வளைவு, தோள், நீட்டிய கை என்று ஓரத்தையே பிடித்துக்கொண்டு உளி பொறுமையாகப் போயிருக்கிறது. பக்கத்தில் உள்ள கடவுளின் விரல் நுனி கூடச் சேதப்படவில்லை. ஆத்திரத்தில் செய்த வேலையாக எனக்குப் படவில்லை. உத்தரவுப்படி நடந்த வேலை.

அதிலும் அழித்தது எதை? அரசனாக அவர் நிற்கும் உருவங்களை. அரசியாக, கடவுளின் மனைவியாக வரும் பழைய உருவங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அந்த மனுஷி மேல் வெறுப்பு என்றால் இந்த வேறுபாடு எதற்கு? வயதான துட்மோஸுக்குத் தன் மகன் இரண்டாம் அமென்ஹோதெப்புக்குச் சிக்கலில்லாமல் பட்டம் போக வேண்டும். தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று கோடு நேராகத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு பெண் அரசனாக நன்றாகவே ஆண்டார் என்பதுதான் அதற்கு இடைஞ்சல். மோசமாக ஆண்டிருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

உடைந்த சிலைகள் பற்றி 2025-இல் வந்த ஒரு ஆய்வும் முக்கியம். பல சிலைகளில் முகத்தைச் சிதைக்கவில்லை. கழுத்து, இடுப்பு, முழங்கால் என்ற இடங்களில் உடைத்திருக்கிறார்கள். மற்ற அரசர்களின் பழைய சிலைகளையும் இப்படித்தான் சக்தி நீக்கி அப்புறப்படுத்துவார்கள் என்கிறது அது.

கல்வெட்டுக்கிறுக்கன் எழுதியது:

அரசியாக உள்ள உருவங்களை விட்டுவைத்தது எனக்குத் தெரியாத செய்தி. என் முதல் பதிவில் 'மாற்றி எழுதினார்' என்று கடுமையாகச் சொன்னேன். துட்மோஸும் அதையேதான் செய்திருக்கிறார், இன்னும் கடுமையாக. அதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

வேம்படி எழுதியது:

என் கேள்விக்கு இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. 2025 பிப்ரவரியில் இரண்டாம் துட்மோஸின் கல்லறை லக்ஸர் அருகே கிடைத்ததாகச் செய்தி வந்ததே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இன்னொன்று: ஹட்செப்சுட்டும் மூன்றாம் துட்மோஸும் சேர்ந்து இருப்பது போல எங்காவது சிற்பம் இருக்கிறதா? அடுத்த வருடம் எகிப்து போகும் யோசனை இருக்கிறது.

நைல்நடை எழுதியது:

நேரடித் தொடர்பே உண்டு. அங்கே கிடைத்த அலபாஸ்டர் ஜாடித் துண்டுகளில் இறந்த அரசனின் பெயரோடு ஹட்செப்சுட்டின் பெயரும் இருக்கிறது. அந்தக் கல்லறையை அடைத்தபோது அவர் இன்னும் அரசி மட்டும்தான். நான் மேலே எழுதிய ஜாடிகளுக்கு ஏழு வருடம் முந்தைய ஜாடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து இருக்கும் சிற்பத்துக்குக் கர்னாக்கில் சிவப்புக் கோயிலைத் தேடிப் போங்கள். பெரும்பாலானவர்கள் பெரிய தூண் மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்கள். இது தனியாக, திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமுனின் தோணிப் பல்லக்கை வைக்க ஹட்செப்சுட் கட்டிய சிறு கோயில். பின்னாளில் பிரித்துப் போட்டுக் கற்களை வேறு கட்டடங்களுக்குள் நிரப்பிவிட்டார்கள். கிடைத்த கற்களையெல்லாம் சேர்த்து 2001 வாக்கில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செந்நிறக் கல், அடியில் கருப்புக் கல். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

அதில் இரண்டு அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக அமுனின் பல்லக்கு ஊர்வலத்தில் போவார்கள். ஒரே கிரீடம், ஒரே உடை, ஒரே உயரம். ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. தலைக்கு மேல் உள்ள பெயர் வளையத்தைப் பாருங்கள். சூரியவட்டம், தலையில் இறகு சூடி உட்கார்ந்திருக்கும் மாத் தெய்வம், உயர்த்திய இரண்டு கைகள் இருந்தால் மாத்காரே, அதாவது ஹட்செப்சுட். சூரியவட்டத்தோடு வண்டு இருந்தால் மென்கெப்பெர்ரே, மூன்றாம் துட்மோஸ். முன்னால் போவது பெரும்பாலும் அவர். பின்னால் வருவது அந்தப் பையன்.